கீழ்த்தட்டில் எரிந்த மெழுகுவர்த்தி

நேற்று மாலை வியன்னாவில், ஆற்றுப் பாலத்தின் சுவரில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போதே கோஸ்தின் கேட்டுவிட்டான், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று. வாய் நிறைய ரொட்டி இருந்ததால், விழுங்கிவிட்டு இன்னொரு தடவையும் கேட்க வேண்டியதாயிற்று.

"நாளைக்கு ட்ரியெஸ்தேக்குப் போறோம்ல? கடலைப் பார்த்துட்டு சாயங்காலம் சொல்றேன்" என்றாள் ஸ்மராந்தா.

ராத்திரி பஸ்ஸில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. பதில் என்னவோ நுனி நாக்கிலேயே இருந்தது. சரி என்று சொல்லிவிட ஆசை. இலையுதிர் காலம் முடிவதற்குள் கிராஸ் நகரத்தில் அவனுக்கு வேலை, ஓர் அறையும் பார்த்து வைத்திருக்கிறான், இருவருமாகப் போய்விடலாம். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. கொள்ளை கொள்ளையாகப் பிடித்திருந்தது. ஆனால் அவள் ஏற்கெனவே ஒருவனுக்கு மணப்பெண்ணாக நின்றவள். அது கோஸ்தினுக்குத் தெரியாது.

கூட வந்திருந்த தோழி தோராவுக்குத் தெரியும். தோராவின் அண்ணன்தான் மாப்பிள்ளை.

அவர்கள் பிறந்த மரமூரெஷ் மலைப்பக்கத்தில், ஈசா ஆற்றங்கரை ஊர்களில், கல்யாணமாகாத வாலிபன் செத்துப்போனால் அவனை அப்படியே குழிக்கு அனுப்ப மாட்டார்கள். கல்யாணம் செய்துதான் அனுப்புவார்கள். மரம் வெட்டும் சரிவில் கட்டை உருண்டு ஹோரியா செத்தபோது அவனுக்கு இருபது வயது. ஸ்மராந்தாவுக்குப் பதினேழு. கூடப்படித்த தோரா அழுது வீங்கிய முகத்தோடு வந்து, "அண்ணனுக்குப் பொண்ணா நிக்கிறியாடி?" என்று கேட்டபோது மாட்டேனென்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பெரியப்பா மகளின் வெள்ளை கவுனை இரவல் வாங்கி, தலைத்துணி போட்டு, சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றாள். அவன் விரலில் மெழுகு மோதிரம் போட்டார்கள். பிடில்காரர்கள் கல்யாண மெட்டையே வாசித்தார்கள். உயிரோடிருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவனோடு அவள் ஆடியது இரண்டே தடவை.

இப்படி நின்ற பெண்கள் ஊரில் வேறு சிலரும் உண்டு. சவ அடக்கம் முடிந்ததும் கவுனைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னால் வேறு கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஹோரியாவின் அம்மா பலாகா மறுநாளே வாசலில் வந்து நின்று, "மருமகளே" என்று கூப்பிட்டாள். நான்கு வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அவனும் விடவில்லை. கனவில் வருவான். பேச மாட்டான். எங்கேயோ கிளம்பத் தயாரானவன் போல நின்று, இவளுக்காகக் காத்துக்கொண்டிருப்பான்.

*

பஸ் ட்ரியெஸ்தேயில் நின்றபோது நன்றாக விடிந்திருந்தது. சிக்கனம் பிடிப்பதில் கோஸ்தினை அடித்துக்கொள்ள ஆளில்லை. ராத்திரி பஸ்ஸில் போனால் ஒருநாள் அறை வாடகை மிச்சம். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் பிடித்தால் அதுவும் மிச்சம். வியன்னாவில் அருங்காட்சியகத்தை வெளியிலிருந்தே சுற்றிப் பார்க்க வைத்தவன் அவன்.

"உள்ள இருக்கிறதெல்லாம் செத்தவங்க சாமான். நமக்கு எதுக்கு?" என்று அன்றைக்குச் சொன்னான். அதற்கு இரண்டு பெண்களும் சிரிக்காததை அவன் கவனிக்கவில்லை.

விடுதியில் நான்கு கட்டில் அறைதான் மலிவு. புடாபெஸ்டிலும் அப்படித்தான், வியன்னாவிலும் அப்படித்தான். நான்காவது கட்டிலுக்கு இதுவரை எந்த ஊரிலும் ஆள் வரவில்லை. கோஸ்தின் தன் பையைத் தூக்கி அந்தக் கட்டிலில் வீசினான்.

"அதுல போடாதே" என்றாள் ஸ்மராந்தா.

"ஏன்? யாராவது படுத்திருக்காங்களா?"

"வர்றவங்க வந்துட்டா?"

"வரட்டும். எந்திரிச்சு வணக்கம் சொல்றேன்." சொல்லிக்கொண்டே நீச்சல் உடுப்பைத் தேடினான். "பார்கோலாவுல கடல்ல இறங்கக் காசு கிடையாதாம். அங்க போறேன். நீங்க ரெண்டு பேரும் வழக்கம்போல தேவாலயமா?"

"ஆமா" என்றாள் தோரா.

"ஊர் ஊரா மெழுகுவர்த்தி ஏத்துறீங்களே, அதைக் கூட்டிப் பார்த்தா எனக்கு நாலு நாள் சாப்பாடுடி! யாருக்காக ஏத்துறீங்கன்னாவது சொல்லுங்க."

தோரா பையிலிருந்து ரொட்டியை எடுத்து, அம்மா போட்டுக்கொடுத்த கத்தரிக்காய்த் தொக்கைத் தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "எங்கண்ணனுக்கு" என்றாள்.

"ஓ." அவன் முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுக்கோ தோரா. தெரியாம உளறிட்டேன்."

"பரவால்ல. ரொட்டியைப் பிடி."

அவன் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு வாசல்வரை போய், திரும்பி ஸ்மராந்தாவைப் பார்த்தான். "மத்தியானம் கடலுக்குள்ள நீட்டிக் கட்டியிருக்காங்களே, அந்தக் கல்துறைக்கு வந்துடறேன். பதில் தயாரா இருக்கணும். 'யோசிச்சுச் சொல்றேன்'னா கடல்ல குதிச்சுடுவேன்."

"நீ எப்படியும் குதிக்கத்தானே போறே" என்றாள் அவள். அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனான்.

அவன் போன கையோடு போன் அடித்தது. பலாகா அத்தை. பெற்ற மகளுக்குப் போன் செய்ய மாட்டாள், மருமகளுக்குத்தான் செய்வாள்.

"மருமகளே, எந்த ஊரு?"

"ட்ரியெஸ்தே, அத்தே."

"அங்க கடல் இருக்காமே?"

"இருக்கு. ஜன்னல்லேருந்தே கொஞ்சம் தெரியுது."

அந்தப் பக்கம் கோழிகள் கத்தின. பிறகு அத்தை சொன்னாள்: "அவன் கடலைப் பார்த்ததே இல்லடி கண்ணு. எப்படி இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு. நீ சொன்னா அவனுக்குக் கேட்கும்."

"சரி அத்தே."

ஸ்மராந்தா போனை வைத்தாள். இந்தப் பயணமே இப்படித்தான் ஆகிவிட்டது. அவன் பார்க்காத ஊர்களை அவன் பெண்டாட்டியாவது பார்க்கட்டும் என்று ஆசீர்வாதம் செய்துதான் அத்தை அனுப்பிவைத்தாள். எந்தத் தெருவில் நடந்தாலும் ஸ்மராந்தாவுக்குத் தான் இரண்டு பேருக்காகப் பார்ப்பதுபோல ஒரு பாரம்.

*

வாய்க்கால் ஓரத்தில் செர்பியர்களின் தேவாலயம் இருந்தது. உள்ளே ஒரே இருட்டும் தங்கமுமாக இருந்தது. மெழுகுவர்த்தித் தட்டுகள் ஊரில் உள்ளது போலவேதான். மேல்தட்டில் ஏற்றினால் உயிரோடிருப்பவர்களுக்கு. கீழ்த்தட்டு மணலில் நட்டால் இறந்தவர்களுக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு வலது கை இடது கை தெரிவதற்கு முன்னால் இது தெரிந்துவிடும்.

ஸ்மராந்தா ஒன்றுக்குப் பதில் இரண்டு வாங்கினாள்.

முதலாவதை ஏற்றி ஹோரியாவுக்கு நட்டாள். மனசுக்குள் சொன்னாள்: கடல் இருக்கு ஹோரியா. சாம்பல் கலர்ல, பெரிசா இருக்கு. அப்புறம் இன்னொண்ணு சொல்லணும். எனக்கு ஒருத்தனைப் பிடிச்சிருக்கு. கோபப்படாதே. அவனுக்கும் ஒண்ணு ஏத்துறேன். நல்லா இருக்கட்டும்.

இரண்டாவதையும் ஏற்றி, நட்டு, சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். மனசு லேசானது. சொல்லியாகிவிட்டது, இனி மத்தியானம் கோஸ்தினிடம் சரி என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

தோரா அவள் முழங்கையைப் பிடித்தாள். "அந்த ரெண்டாவது யாருக்கு?"

"கோஸ்தினுக்கு."

"ஸ்மராந்தா, எங்க வச்சிருக்கே பாரு."

பார்த்தாள். இரண்டும் கீழ்த்தட்டு மணலில், பக்கத்தில் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தன.

நான்கு வருஷமாகக் கீழேயே வைத்துப் பழகிய கை. அது மேலே போகவே இல்லை. எடுத்து மேலே வைத்துவிடலாம் என்று கை நீட்டினாள். அதற்குள் தட்டு துடைக்கும் அம்மாள் வந்து, மற்றவர்களுக்கு இடம் வேண்டும் என்று, அங்கிருந்த நாலைந்தை மொத்தமாகப் பிடுங்கித் தண்ணீர் வாளிக்குள் போட்டாள். சொய்ங் என்று ஒரு சத்தம். ஹோரியாவுடையது ஓரத்தில் இருந்ததால் தப்பி, நின்று எரிந்தது. கோஸ்தினுடையது வாளியில் மிதந்தது.

"இன்னொண்ணு வாங்கி மேல வச்சுடு" என்றாள் தோரா அவசரமாக.

வைத்தாள். அது ஒழுங்காகத்தான் எரிந்தது.

வெளியே வந்ததும் தோரா, "மெழுகுதானேடி. கை தவறிடுச்சு. அதுக்குப் போய் பேயறைஞ்ச மாதிரி இருக்கே" என்றாள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

*

மத்தியானம் கல்துறையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கோஸ்தின் வரவில்லை. போன் போட்டுப் பார்த்தார்கள்; எடுக்கவில்லை.

திடீரென்று மலைப் பக்கத்திலிருந்து காற்று இறங்கியது. அப்படியொரு காற்றை இரண்டு பேரும் பார்த்ததில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்தவர் சுருட்டி எடுத்துக்கொண்டே, "போரா! மலைக்காத்து இந்த மாசத்துல இப்படி இறங்குறது இல்லையே" என்று முணுமுணுத்தார். இத்தாலியப் பேச்சு அவர்கள் பாஷைக்குச் சொந்தம், பாதி புரியும். இது முழுவதும் புரிந்தது. காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. நீந்துகிறவனை அது எந்தப் பக்கம் தள்ளும் என்று கணக்குப் போட ஸ்மராந்தாவுக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

"வா, போவோம்" என்று எழுந்தாள்.

பார்கோலாவுக்குப் போகிற பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தோராதான் பேசிக்கொண்டே வந்தாள். தூங்கியிருப்பான், சோம்பேறி, யாராவது பொண்ணுகிட்ட கடலை போட்டுட்டு இருப்பான், வரட்டும், காதைத் திருகிடறேன். அவள் குரல் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

கரை நெடுக சிமெண்டுத் தளம் வெறிச்சோடிக் கிடந்தது. எல்லாரும் துண்டைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஸ்மராந்தா நடந்துகொண்டே அவன் எண்ணை அழுத்தினாள்.

கொஞ்ச தூரத்தில் மணி அடித்தது.

பாறை இடுக்கில் மஞ்சள் துண்டு ஒன்று படபடத்தது. அதன் அடியில் அவன் பை. பைக்குள்ளிருந்துதான் போன் அடித்தது. செருப்பு இரண்டும் ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆள் இல்லை. கடலில் வெள்ளை நுரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

நாயோடு போன ஒருவரைத் தோரா ஓடிப்போய் மறித்தாள். "ஒரு பையன் ரொம்ப தூரம் போனான். காத்து வர்றதுக்கு முன்னாடி. திரும்பி வந்ததைப் பார்க்கலையே" என்றார் அவர். தோரா அவசர எண்ணைப் போட்டு, தெரிந்த இத்தாலியமும் தெரியாத இத்தாலியமுமாகக் கத்தினாள். படகு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

ஸ்மராந்தா அந்தச் செருப்புகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். தன் போனை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. பைக்குள் அவனுடையது அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் கொன்றேன், என் கையாலேயே கொண்டுபோய்க் கீழே வைத்தேன் என்று மனசு ஓயாமல் சொன்னது. அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. கடலுக்குள்ளிருந்து யாரோ தன்னையே பார்த்துக்கொண்டு, எப்போதும்போலக் காத்து நிற்கிறார்கள் என்ற பயம்.

"ஹோரியா" என்று வாய்விட்டே கூப்பிட்டாள். "இவனை விட்டுடு. எடுத்துக்காதே. நான் உன்கூடவே இருந்துடறேன். வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். சத்தியம். இவனைத் திருப்பிக் கொடுத்துடு."

பின்னால் நின்ற தோரா அவள் வாயைப் பொத்த ஓடிவந்தாள். "அப்படியெல்லாம் நேர்ந்துக்காதடி! பைத்தியமா உனக்கு?"

சொல்லி முடித்தாகிவிட்டது. சத்தியத்தை வாய்க்குள் திரும்பத் தள்ள முடியுமா?

*

"என்னது, என் துண்டுக்கு ரெண்டு பேரும் பூசை போடுறீங்களா?"

சாலைப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கோஸ்தின்தான். வலது காலில் பெரிய கட்டு, யாருடையதோ தொளதொள சட்டை, நொண்டிக்கொண்டு வந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. சிரித்தான்.

தோரா பாய்ந்துபோய் அவன் தோளில் இரண்டு அடி போட்டாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இன்னொரு அடி போட்டாள். "எங்கடா தொலைஞ்சே நாயே? படகு அனுப்பச் சொல்லிருக்கேன்!"

"ஐயோ, வேண்டாம்னு சொல்லு! காசு கேட்டுடப் போறாங்க." அவன் பாறையில் உட்கார்ந்தான். தோரா மறுபடி அந்த எண்ணைப் போட்டு, ஆள் கிடைத்துவிட்டான் என்று மன்னிப்புக் கேட்டாள்.

ஸ்மராந்தா இருந்த இடத்திலேயே இருந்தாள். அவனைத் தொட வேண்டும்போல இருந்தது. கை எழவில்லை.

"காத்து இழுத்துட்டுப் போயிடுச்சு" என்றான் கோஸ்தின். "நெசமாவே முடிஞ்சுதுன்னு நினைச்சேன். எந்தப் பக்கம் கரைன்னே தெரியல, கண்ணெல்லாம் உப்பு. அப்போ பாறை மேலேருந்து ஒருத்தன் கத்தினான். 'இங்கிட்டு வா, இங்கிட்டு வா'ன்னு. நம்ம பாஷையில! அதுவும் உங்க மரமூரெஷ் இழுவையோட, தோரா, அச்சு அசலா உன்னை மாதிரியே. அந்தக் குரலைப் பிடிச்சுட்டே வந்து ஏறிட்டேன். கால்தான் கிழிஞ்சுது. மேல வந்து பார்த்தா ஆளைக் காணோம். இங்க கட்டட வேலைக்கு வந்த நம்ம ஊர்க்காரனா இருக்கும். நன்றிகூடச் சொல்லல. அப்புறம் அந்தக் காப்பிக்கடை அம்மாதான் கட்டுப் போட்டு, அரை மணி நேரம் உட்கார வச்சு சூப் கொடுத்துச்சு. இனாமா!"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தோரா ஸ்மராந்தாவைத் தள்ளி அழைத்துப் போனாள். கிசுகிசுத்தாள். "கேட்டியா? எங்கண்ணன்டி அது. அவனே கரையேத்தி உன்கிட்ட அனுப்பிட்டான்."

"நான் நேர்ந்துக்கிட்டேன். அதுக்காகத்தான் கொடுத்திருக்கான்."

"அவன் கரையேறி அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. சூப்பெல்லாம் குடிச்சிருக்கான். நீ நேர்ந்துக்கிட்டது இப்போ. எது முன்னாடி? யோசிடி!"

"வார்த்தை கொடுத்துட்டேன் தோரா."

"செத்தவன் உன்கிட்ட அதைக் கேட்டானா?"

தோரா சொல்வது நியாயம் என்று ஸ்மராந்தாவுக்கே புரிந்தது. ஆனால் அது மூளைக்குத்தான் புரிந்தது. அதைவிடக் கீழே எங்கேயோ, பதினேழு வயதில் பிடில் சத்தம் கேட்ட இடத்தில், அது போய்ச் சேரவில்லை.

"ரகசியம் போதும்" என்று கோஸ்தின் குரல் கொடுத்தான். "செத்துப் பிழைச்சு வந்திருக்கேன். கடலையும் பார்த்தாச்சு. பதிலைச் சொல்லு."

காற்று அவன் ஈரத் தலைமயிரைக் கலைத்துப் போட்டிருந்தது. அவன் கண்களில் சந்தேகமே இல்லை. சரி என்றுதான் சொல்வாள் என்று முழுசாக நம்பியிருந்தான்.

"முடியாது" என்றாள் ஸ்மராந்தா.

"சும்மா விளையாடாதே."

"விளையாடல. என்னால முடியாது கோஸ்தின்."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. ஏன் என்று அவன் கேட்க வாயெடுத்தபோது அவள் போன் அடித்தது. பலாகா அத்தை. ஸ்மராந்தா எடுக்கப் போனாள். தோரா அதைக் கையிலிருந்து பறித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் தோரா பேசுறேன். இல்ல, அவகிட்ட கொடுக்க மாட்டேன். நீ முதல்ல உட்காரு. உட்கார்ந்துட்டியா? அன்னைக்கு அவளை வந்து கூப்பிட்டது நான். அதனால நானே சொல்றேன். இனிமே அவளை மருமகளேன்னு கூப்பிடாதே. அவளை விட்டுடும்மா."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சில்லை, அடிபட்ட மாதிரி ஒரு முனகல். அது பாறைமேல் உட்கார்ந்திருந்தவனுக்கும் கேட்டது. தோரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "அம்மா... அம்மா, பேசு" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

கோஸ்தின் ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தான். "மருமகளா? யாரு? நீயா?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஸ்மராந்தா அவனுக்கு எதிரே உட்கார்ந்து, இன்று முதல் தடவையாக அவன் கையைப் பிடித்தாள். அது சூடாக இருந்தது.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, கோஸ்தின்" என்றாள். "மாப்பிள்ளை செத்த மூணாம் நாள்."